கண்மட்டம்

ஜேர்மனியின் எசன் நகரில் கிராபிக்ஸ் படிக்கும் எவ்லின், அப்பா பேனாட்டின் பதினாறாவது நினைவுநாளுக்காகக் கணினியில் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தாள். தொண்ணூறில் மன்னாரில் நடந்த சுற்றிவளைப்பு அது. பள்ளிக்கூட மைதானத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஆள்காட்டுவதற்காக ஆமி ட்ரக்கின் மேல் இருந்த முகமூடிக்காரன் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினான். ஆமி கொண்டுபோன அப்பா திரும்பவேயில்லை.

அதே வரிசையில் நின்று தப்பியவர் றொனால்ட் மாமா. அவர்தான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

“தலையள் பிழை, பிள்ளை. எல்லாம் இன்னும் கீழ தெரியோணும். அதுக்கு மேலால றோட்டும் தெரிஞ்சது.”

“சமதரையில நிண்டு பார்த்தா எல்லாற்ற தலையும் உங்கட கண்மட்டத்திலதான் மாமா வரும். அதுதான் பேர்ஸ்பெக்டிவ்.”

“உன்ர கொம்பியூட்டரே அங்க நிண்டது? நானெல்லோ கண்டனான்!”

“மாமா சொல்லுற மாதிரிக் கீறு,” என்றாள் அம்மா பிளோறன்ஸ் அடுக்களையிலிருந்து. “எங்களை ஜேர்மனிக்கு எடுத்துவிட்ட மனுசனோட வாய் காட்டாத.”

எவ்லின் கண்மட்டக் கோட்டை உயர்த்தினாள். தலைகள் கீழே இறங்கின.

“இன்னும் கொஞ்சம்... ஓம், இப்ப சரி. கொப்பர் நேர என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர்.” அப்பாவைச் சொல்லும்போது மாமாவின் கண் கலங்கியது.

எவ்லினின் கணினிப் பேனா நின்றது. அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா தேத்தண்ணியோடு வந்து, முதல் கோப்பையை மாமாவிடம் நீட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

“அச்சொட்டா இருக்கு. ஆனா ட்ரக்கைக் காணேல்லையே?”

“அது படத்தில தெரியாது, அம்மா,” என்றாள் எவ்லின். “அதில இருந்துதான் பாக்கிறம்.”