கொடிக்கயிறு, ஆறாம் இதழ்

பெயரை அழிப்பது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் இதழின் கோப்பைத் திறந்தாள். ஆசிரியர் குழுவில் இரண்டு பெயர்கள். ஒன்று அவளுடையது. ரோஸ்லெட்டின் பெயரைத் தொட்டு ஒரு தட்டு தட்டினாள்.

போய்விட்டது.

காலையில் ரோஸ்லெட்டிடமிருந்து வந்த செய்தி அலைபேசியில் அப்படியே திறந்து கிடந்தது.

"எனக்க பேர எல்லா இதழுல இருந்தும் எடுத்துரு. பழசுலயும் வேண்டாம்."

மற்றவர்களின் பத்திரிகை என்றால் மொத்தமாக அச்சடித்து, விற்காததைக் கட்டிலுக்கடியில் தள்ளியிருப்பார்கள். அதில் யார் பெயரையும் அழிக்க முடியாது. கொடிக்கயிறு அப்படியில்லை. யாராவது கேட்டால்தான் ஒரு பிரதி அச்சாகும். அந்த நேரத்தில் கோப்பில் என்ன இருக்கிறதோ, அதுதான் இதழ். இனி வாங்குகிறவர்களுக்கு ரோஸ்லெட் என்று ஒருத்தி இருந்ததே தெரியாது.

இந்த வழியைக் கண்டுபிடித்தவளே ரோஸ்லெட்தான்.

"ஒருத்தர் கேட்டா ஒண்ணு அடிப்பாவளாம். அப்ப நாம தோக்கவே முடியாதுல்லா" என்று மார்த்தாண்டத்திலிருந்து போனில் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டாம் இதழ். மூன்று. நான்கு. ஐந்து.

ஆறாவதில் கை நின்றது.

அதன் கடைசிக் கதை ரோஸ்லெட்டுடையது. செத்துப்போன அம்மாவைக் குளிப்பாட்டும் மகளின் கதை. முடிவில் ஏழெட்டு வரிகள் அடுத்த பக்கத்துக்கு வழிந்தன. பக்கங்களை நான்கு நான்காகத்தான் கூட்ட முடியும். இந்த வரிகளுக்காக மூன்று பக்கங்கள் சும்மா நிற்க வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று இவள்தான் வெட்டிவிட்டாள்.

கேட்கவில்லை. கேட்டால் ரோஸ்லெட் முடியாது என்பாள். அதனால்தான் கேட்கவில்லை.

ரோஸ்லெட் அதை அச்சில்தான் பார்த்தாள். போன வருஷம் செத்துப்போன தன் அம்மாவைக் குளிப்பாட்டியவள் அவள்.

ஆறாவதிலும் பெயரை எடுத்தாள்.

கோப்புகளை ஏற்ற, அச்சிடுகிறவர்களின் தளத்துக்குப் போனாள். புது ஆர்டர்கள் வந்திருந்தன. ஆறு இதழ்களிலும் ஒவ்வொரு பிரதி. வாங்கியவர் பெயரைக் காட்டமாட்டார்கள். ஊர் மட்டும் தெரியும்.

மார்த்தாண்டம்.

தனக்கு வரும் பிரதிகளையெல்லாம் ரோஸ்லெட் யாருக்காவது படிக்கக் கொடுத்துவிடுவாள். ஒன்றும் திரும்பி வராது. அவள் கையில் ஓர் இதழ்கூட இருக்காது.

ஆர்டர் போட்ட நேரத்தைப் பார்த்தாள். செய்தி வந்த நேரத்தைப் பார்த்தாள்.

ஆர்டர்தான் முதலில்.

பெயர் இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

இவ்வளவு நேரம் வீம்புக்குத்தான் அழித்துக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆர்டர்கள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

பெயரில்லாத கோப்புகளைத் தூக்கி எறிந்தாள். ஆறாம் இதழின் பழைய கோப்பைத் திறந்தாள். ரோஸ்லெட் முதலில் அனுப்பிய கதையைத் தேடி எடுத்து, வெட்டிய வரிகளை அவை இருந்த இடத்திலேயே சேர்த்தாள்.

இப்போதுதான் அவற்றை ஒழுங்காகப் படித்தாள். மகள் அம்மாவின் ஈரத் தலையைத் துவட்டுகிறாள். சிக்கெடுக்கிறாள். இழுத்தால் வலிக்குமே என்று, முடியைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கிறாள்.

கதை அங்கே முடிந்தது.

அதற்குப் பின்னால் மூன்று வெள்ளைப் பக்கங்கள். அசிங்கமாக இல்லை.

கோப்பை ஏற்றி, ஒப்புதல் கொடுத்தாள். பெயரை எடுப்பதென்றால் பிறகும் எடுக்கலாம். கோப்புதானே.

பதில் எழுத அலைபேசியை எடுத்தாள். 'சரி' என்று அடித்தாள். அழித்தாள். 'மன்னிச்சுக்கோ' என்று அடித்தாள். அதையும் அழித்தாள்.

அலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

முதலில் பார்சல் போய்ச் சேரட்டும்.