நல்ல வலி

தேனடை இருந்த மரத்தில் பாதிகூட ஏற முடியாமல் கரடி வழுக்கி விழுந்தது. அதனால் வரையாடு நடத்திய உடற்பயிற்சி வகுப்பில் போய்ச் சேர்ந்தது.

"உட்காரு, எழுந்திரு! இன்னொரு தடவை!" என்று வரையாடு விரட்டியது. பக்கத்தில் முள்ளம்பன்றி மூச்சிரைக்க உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. அதன் எதிரில் பாதியில் கிளம்பக் கரடிக்கு வெட்கமாக இருந்தது. கால்கள் வெடவெடக்க, கடைசிவரை செய்து முடித்தது.

மறுநாள் காலையில் படுத்த இடத்தைவிட்டு எழவே முடியவில்லை. தூக்கத்தில் யாரோ அடித்துப் போட்டுவிட்டார்களோ என்று கரடி குழம்பியது. பாறைகளைப் பிடித்துப் பிடித்து வரையாட்டிடம் போனது.

"அண்ணே, என் காலுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"வலிக்குதா? ரொம்ப நல்லது."

"நல்லதா? நேத்து மரம்தான் ஏற முடியல. இன்னைக்கு நடக்கவே முடியலையே!"

"அப்படித்தான் பலம் வரும்."

கரடிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இனிமேல் வர மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தது. அப்போது முள்ளம்பன்றி முனகிக்கொண்டே நொண்டி நொண்டி வந்தது.

"நீ நிக்கறியேன்னுதான் நேத்து நானும் ஓடிப்போகாம நின்னேன். நாளைக்கு வருவியா?" என்று கரடியிடம் கேட்டது.

"வர்றேன்" என்றது கரடி.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று குகைக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தும் அதற்கு விளங்கவில்லை.