ஊதாத் துணிக்கு அடியில்

சின்னவள் முக்காலியில் ஏறி எக்கி நிற்கிறாள். தவக்காலத்தின் கடைசியில் வீட்டுச் சிலுவையை மூடும் ஊதாத் துணி அலமாரி உச்சியில் இருக்கிறது. இழுத்தால், துணியோடு பொம்மையும் கைக்கு வருகிறது. சுருட்டை முடி, மூடித் திறக்கும் ஒற்றைக் கண், அவளுடையதேதான். 'உயிராய் வைத்திருப்பதை ஏதும் இல்லாத ஏழைப் பிள்ளைக்குக் கொடுங்கள்' என்று பள்ளியில் சிஸ்டர் சொன்னதற்காக, அழுகையை அடக்கிக்கொண்டு அவள் கொடுத்த பொம்மை. அம்மாதான் தாளில் சுற்றிக் கட்டித் தந்தாள். ஜன்னல் வெயிலில் தூசி மெல்லச் சுழல்கிறது. ஈரக் கையோடு அம்மா வாசற்படியில் அப்படியே நிற்கிறாள்.

"நீ ஏங்கிப் போயிடுவேன்னுதாண்டி… ஈஸ்டருக்கு உனக்கே திருப்பிக் கொடுக்கலாம்னு இருந்தேன்."

"அப்போ அந்தப் பொட்டலத்துல?"

"கை உடைஞ்ச பழைய பொம்மை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கை, இப்போது துண்டைத் தேடுகிறது. சின்னவள் பொம்மையை அணைத்துக்கொள்ளவில்லை. யாருடையதையோ திருப்பித் தருவதுபோல அம்மாவிடம் நீட்டுகிறாள்.

"'என் பொம்மையை வச்சிருக்கிற பாப்பா நல்லா இருக்கணும்'னு தினமும் ராத்திரி ஜெபம் பண்ணேனேம்மா. பக்கத்துல முட்டி போட்டு நீயும் ஆமென் சொன்னியே?"