சொட்டுத் தண்ணி கெடையாது

வல்லிநாயகம் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு மகளின் அழைப்பை எடுத்தார்.

“அப்பா, சாரல் தொடங்கிட்டா? இந்த வாரமும் ஊருக்கு வாரேன்.”

“சாரலா? வெயிலு மண்டையப் பொளக்கு. அருவியில சொட்டுத் தண்ணி கெடையாது. ஏட்டி, வாராவாரம் இங்கன ஓடி வந்தா காலேஜ்ல உனக்கு யாரு கூட்டு? நாடகக் குழுவுல கூப்பிட்டாங்கன்னியே, போய்ச் சேரு.”

சென்னை விடுதியிலிருந்து பெருமூச்சு கேட்டது. “சரிப்பா, ஒத்திகைக்குப் போறேன்.”

போனை வைத்துவிட்டுக் கார்க் கதவைத் திறந்தார். ஐந்தருவியின் இரைச்சலும் சாரலும் முகத்தில் அறைந்தன.

அவள் மூன்று வயதில் கைபிடித்து வந்தது முதல், சீசனின் முதல் குளியலுக்கு இருவரும் சேர்ந்து வராத வருஷமே இல்லை. பழக்கதோஷத்தில் எடுத்து வந்துவிட்ட அவளுடைய துண்டை, நனையாமல் இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார்.