தாளாளர் கேட்ட அறை

"யாரைக் கேட்டுண்ணே இந்தக் கொக்கியெல்லாம் கட்டுனீங்க?"

தளத்துக்குக் கட்டிய கம்பிகளின் மேல் நின்றபடி தேவிகா போட்ட சத்தத்தில், கீழே மணல் சலித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். மூலையில் வரிசையாக நாலு இரும்புக் கொக்கிகள். அவள் வரைந்த படத்தில் அப்படி ஒன்றுமே கிடையாது.

மேஸ்திரி தங்கப்பாண்டி தலையைச் சொறிந்தார். "தாளாளர் ஐயாதான் மேடம் காலையில வந்து கட்டச் சொன்னாக."

தேவிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உசிலம்பட்டி சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரியின் புதுக் கட்டடத்துக்கு அவள்தான் ஆர்க்கிடெக்ட். சொந்தத் தொழில் தொடங்க ஆசைப்படும் மாணவர்கள், எந்தத் துறையாக இருந்தாலும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, படித்து, செய்துபார்க்க ஓர் இடம். அதற்காகவே குறுக்குச் சுவர் இல்லாத ஒரே பெரிய கூடமாக வரைந்திருந்தாள். ஆளுக்கொரு கேபின் கேட்ட பேராசிரியர்களோடு மல்லுக்கட்டி, அட்டையில் மாதிரி செய்து காட்டிச் சம்மதிக்க வைத்திருந்தாள். கே.கே. நகரில் ஆபீஸ் போட்ட நாளிலிருந்து அவள் கட்டியதெல்லாம் மாடி வீடும் மாவு மில்லும்தான். இது ஒன்று நன்றாக வந்துவிட்டால் ஊரில் நாலு பேர் அவளைத் தேடி வருவார்கள்.

அந்தக் கூடத்தைக் கெடுத்தே தீருவது என்று தாளாளர் கருத்தக்கண்ணன் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

முதலில், மூலையில் சின்னதாக ஓர் அறை வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும் தாயி" என்றார். அடுத்த முறை பார்த்தபோது, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்றார். அப்புறம் வாஷ்பேசின். அப்புறம், ஜன்னல் கூடத்தைப் பார்த்து இருக்கக் கூடாதாம், தோப்பைப் பார்த்து இருக்கணுமாம். எல்லாவற்றுக்கும் "பார்க்கலாம் சார்" என்று சொல்லித் தேவிகா காலம் கடத்திக்கொண்டிருந்தாள். இப்போது கேட்காமல் கொள்ளாமல் கொக்கி.

ஊஞ்சலுக்குத்தான். வேறெதற்கு? திருநகரில் அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மனிதர் ஊஞ்சலில் சாய்ந்தால், சாயங்காலக் காப்பிக்குத்தான் எழுந்திருப்பார். ஊர்ப் பிள்ளைகள் முன்னேறக் கட்டும் இடத்தில் இவருக்குக் குறட்டை விட ஓர் அறை. கேட்கக் கொஞ்சமும் கூச்சமில்லை.

செல்போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று அதை டிராயரில் வைத்துப் பூட்டுகிற ஆள் அவர்.

"நாளைக்குக் காலையில கான்கிரீட். அதுக்குள்ள நாலையும் அவுத்துருங்கண்ணே."

"ஐயா வைவாகளே மேடம்."

"நான் பேசிக்கிறேன்."

தாளாளர் அறை வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். தேவிகா அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

"சார், அந்த ரூம் வராது. கொக்கியையும் அவுக்கச் சொல்லிட்டேன்."

கருத்தக்கண்ணனின் முகம் தொங்கிவிட்டது. "என்ன தாயி இப்பிடிப் பண்ணிட்ட? தளம் போட்டுட்டா பெறகு வைக்க முடியாதே."

"வைக்கவே வேண்டாம் சார். எல்லாரும் ஒண்ணா உக்காரணும்னுதானே இந்தக் கட்டடம்? அதுல ஒரு ஆள் மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு ஊஞ்சல் ஆடணும்னா எப்படி?"

"ஊஞ்சலா?" அவர் முழித்தார்.

"பின்ன எதுக்கு? சொன்னாத்தானே சார் தெரியும்."

அவர் தோள் துண்டை எடுத்து, தூசியே இல்லாத மேஜையைத் துடைத்தார். "அது வந்து... உன்கிட்ட எப்பிடிச் சொல்ல. எனக்கு வாய் வர மாட்டேங்குது."

வெளியே சொல்ல முடியாத ஏதோ உடம்புக் கோளாறு போலிருக்கிறது என்று தேவிகா நினைத்துக்கொண்டாள். அதற்காகவும் அவள் இறங்கி வரவில்லை. "உடம்புக்கு முடியலைன்னா வீட்ல ரெஸ்ட் எடுங்க சார். காலேஜ்ல எதுக்கு?"

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். "யாரு, அஸ்வினியா? உள்ள வாத்தா."

குழந்தையோடு நின்ற பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். "ஐயா, டி.சி. குடுத்துருங்க. பிள்ளையையும் வச்சுக்கிட்டு என்னால படிக்க முடியல. நின்னுக்கிறேன்."

"அதெல்லாம் தர முடியாது."

"ஐயா..."

"முடியாதுன்னா முடியாது."

அஸ்வினிக்குக் கண் கலங்கிவிட்டது. தேவிகாவுக்கோ இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போய்விட்டது. தனக்கு என்றால் அறை, தாழ்ப்பாள், ஊஞ்சல் எல்லாம் வேண்டும். கைப்பிள்ளையோடு வந்து நிற்கிறவளுக்கு ஒரு கையெழுத்துப் போட இவருக்கு வலிக்கிறது.

"போகணும்னு வர்றவங்களை எதுக்கு சார் பிடிச்சு வைக்கிறீங்க? குடுத்து அனுப்பிருங்க," என்று கேட்டே விட்டாள்.

கருத்தக்கண்ணன் அவள் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி, அஸ்வினியிடம்தான் பேசினார்.

"சொந்தமாத் தொழில் பண்ணப்போறேன்னு எல்லாருக்கும் முந்திப் பேரு குடுத்தது நீதான். உன்னைய மாதிரி எம்புட்டுப் பிள்ளைக இப்பிடியே டி.சி. வாங்கிட்டுப் போயிருச்சுக. இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு வா தாயி. புதுக் கட்டடத்துல கதவைச் சாத்திக்கிட்டுப் பிள்ளைக்குப் பால் குடுக்க ஒரு ரூம் வருது, தூளி கட்டக் கொக்கி வருது. எல்லாரும் ஒண்ணா உக்காரணும்னு, இந்தா நிக்கிறாகளே, இந்த மேடம்தான் பாத்துப் பாத்துக் கட்டுறாக."