பந்தி வஞ்சனை

இரண்டாம் தொட்டியில் இன்றைக்கும் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

அவன் குனிந்து எண்ணினான். முப்பது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினான். முப்பதேதான்.

கொட்டகை வாசலில் அவள் தீவன டப்பாக்களோடு நின்றாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது வடிந்துவிட்டது.

மீன்வளக் கல்லூரியின் பின்கட்டில் மூன்று தொட்டிகள். ஒவ்வொன்றிலும் முப்பது ரோகு குஞ்சுகள். முதல் தொட்டியில் நல்ல தண்ணீர். மற்ற இரண்டிலும் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, சொட்டுக் கணக்கில். இரண்டாம் தொட்டிக்கு வெறும் தவிட்டுத் தீவனம். மூன்றாம் தொட்டிக்கு மட்டும் பூண்டுப் பொடி கலந்த தீவனம்.

பொடி மீனைக் காப்பாற்றுகிறது என்று அவன் காட்ட வேண்டும். மூன்றாம் தொட்டி பிழைத்தால் மட்டும் போதாது.

இரண்டாம் தொட்டி சாகவும் வேண்டும்.

அவனுடைய மூன்று வருட ஆராய்ச்சி அதில் நின்றது.

இதையெல்லாம் அவளிடம் யாரும் சொல்லவில்லை. வெள்ளை மூடி டப்பா முதல் இரண்டுக்கு, மஞ்சள் மூடி டப்பா கடைசிக்கு. தீவனம் போடுகிறவளுக்கு இவ்வளவு தெரிந்தால் போதாதா?

இந்த வேலைக்கு வருமுன் பத்து வருடம் கல்யாண வீடுகளில் பரிமாறியவள் அவள். ஓர் இலைக்கு வடை வைத்துவிட்டு அடுத்த இலையைத் தாண்டிப் போனால் என்னவெல்லாம் கேட்க வேண்டிவரும் என்று அவளுக்குத் தெரியும். நல்லது கெட்டதில் எதை வேண்டுமானாலும் மறப்பார்கள். பந்தி வஞ்சனையை மறக்க மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் இரண்டாம் தொட்டியில் ஒரு குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து நீந்தியது.

அடுத்த தொட்டிக்காரர்கள் பூண்டு மணக்க மணக்கத் தின்றுகொண்டிருந்தார்கள்.

இரண்டிலும் அவன் மருந்து ஊற்றுவதை அவள் பார்த்திருந்தாள். அதே விஷத் தண்ணீர். ஒரு பந்திக்கு மட்டும் விசேஷச் சாப்பாடு. அவளுக்கு வயிறு எரிந்தது.

அன்றிலிருந்து மஞ்சள் மூடியிலிருந்து ஒரு பிடி இரண்டாம் தொட்டிக்கும் போனது. முதல் தொட்டிக்குப் போடவில்லை. நல்ல தண்ணீர் கிடைத்தவர்களுக்கு வேறென்ன குறை?

இரண்டே நாளில் சாய்ந்த குஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மஞ்சள் டப்பா சீக்கிரம் தீர்ந்ததை அவன் கவனிக்கவில்லை. அவன் மீன்களைத்தான் எண்ணினான்.

இன்று பதினேழாம் நாள்.

அவன் நோட்டை மூடி வைத்தான். அலமாரியிலிருந்து பழுப்பு பாட்டிலை எடுத்தான்.

"டோஸ் பத்தலக்கா. ரெண்டு தொட்டிக்கும் மூணு மடங்கு ஊத்திடலாம்."

தான் போட்ட பிடிதான் அவன் கணக்கைக் கெடுத்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அறுபது மீன்.

சொன்னால் இந்த வேலை போய்விடும். பதினேழு நாள் உழைப்பு குப்பைக்குப் போகும். அவனுடைய பேராசிரியர் அவளைக் கூப்பிட்டுக் கத்துவார். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. மீன் சாட்சி சொல்ல வராது.

அவள் நிழல் இரண்டாம் தொட்டியில் விழுந்தது. முப்பதும் மேலே வந்து வாயைத் திறந்தன.

சாப்பாட்டு நேரம்.

அவன் பாட்டிலின் மூடியைத் திருகினான்.

அவள் மஞ்சள் மூடியைத் திறந்தாள். ஒரு பிடி அள்ளினாள். அவன் பார்க்கப் பார்க்க இரண்டாம் தொட்டியில் தூவினாள்.

கொட்டகை முழுக்கப் பூண்டு மணம்.

அவன் அவள் கையைப் பார்த்தான். மஞ்சள் மூடியைப் பார்த்தான். பாட்டிலைக் கீழே வைக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

பிறகு நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினான். அவனுடைய கையெழுத்துதான். ஐந்தாம் நாள்: இரண்டாம் தொட்டி, ஒன்று சாய்ந்து நீந்துகிறது. ஏழாம் நாள்: நிமிர்ந்துவிட்டது.

காரணம் என்ற கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

பேனாவைத் திறந்தான்.

"எந்த நாள்லேருந்துக்கா?"

குரலில் கோபம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த தொட்டி இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

அதற்கும் ஒரு பிடி போட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டு, அவள் சொல்லத் தொடங்கினாள்.