நாற்பதாவது பெயர்

1999-இல் பெங்களூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்த கனகலக்ஷ்மி, மாதக் கடைசியில் கம்பெனி பஸ் பட்டியல் போடுவாள். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவள் எழுதி வைத்திருந்த ஒரே வரி ப்ரோக்ராம், விலகியவர்களை வடிகட்டிவிட்டு, மீதிப் பேருக்கு இறங்கும் இடத்தைச் சேர்த்துவிடும்.

அந்த மாதம் நாற்பது பெயரில் ஒன்று குறைய வேண்டும். லேத் பிரிவு சுப்பையா செவ்வாய்க்கிழமை இறந்துபோயிருந்தார். தினமும் சாயங்காலம் பஸ் ஜன்னல் வழியாகத் தன் நீலக்கட்டத் துண்டைப் போட்டு அவளுக்கு சீட் பிடித்துத் தருபவர். சாவு வீட்டில், அவசரத்துக்கு வேறு துணி அகப்படாமல், அந்தத் துண்டாலேயே அவர் தாடையைக் கட்டியிருந்ததை அவள் பார்த்தாள்.

அவர் பெயருக்கு எதிரே விலகிய தேதியைப் போட்டு ப்ரோக்ராமை ஓட்டினாள். நாற்பது பெயர்கள் வந்தன. கடைசிப் பெயர் சுப்பையா. மூலப் பட்டியலிலிருந்தே அவரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். நாற்பதுதான் வந்தது.

"சார், சுப்பையாண்ணா பேரு போகவே மாட்டேங்குது."

மேலதிகாரி ஜெயகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "பேனாவால அடிச்சுக் குடும்மா. பஸ் டைம் ஆச்சு."

அடித்துக் கொடுத்தாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. அவளுடைய சீட் மட்டும் காலியாக இருந்தது. அதில் நீலக்கட்டத் துண்டு, போட்ட முடிச்சு அவிழாமல் வளையமாகக் கிடந்தது.

பக்கத்து சீட்டில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த மனிஷா.

"கனகலக்ஷ்மி மேடம் நீங்கதானே? உங்களுக்குன்னு ஒரு அங்கிள் இப்பத்தான் வெளியிலேர்ந்து போட்டாரு. பாவம், அவருக்கு என்ன மேடம்? பேசி முடிச்சப்புறமும் வாய் மூடவே இல்ல."